மருந்து ரூம் வாசலில் கழற்றிய கட் ஷூ

1. மொட்டை மாடியில் ட்ரையல்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி யூனிட்டில் மருந்து ரூம் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் நாளே ஒன்று புரிந்துவிட்டது. இந்த வேலைக்கு முக்கியத் தகுதி படிப்பு அல்ல, குனிந்து நிமிர்வது.

தீக்குச்சித் தலைக்கான மருந்தைக் கலக்கும் அறை அது. உள்ளே யாரும் காலணியோடு போகக் கூடாது. தரையில் சிந்திய பொடி ஓர் உரசலுக்காகக் காத்துக்கிடக்கும். ஷூவுக்கு அடியில் ஓர் ஆணித்தலை போதும், ஒட்டியிருக்கும் ஒரு மணல் பருக்கையும் போதும். நானோ நாள் முழுக்க உள்ளே போய் வெளியே வர வேண்டியவன். ஒவ்வொரு தடவையும் லேஸை அவிழ்த்துக் கட்ட வேண்டும். லேஸுக்கும் எனக்கும் நடுவில் என் தொந்தி வேறு.

செருப்புப் போடலாமே என்பீர்கள். மழை பெய்த மறுநாள் எங்கள் கரிசலில் நடந்து பாருங்கள். மண் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு காலை மட்டும் அனுப்பிவைக்கும்.

பஜாரில் காலணிக் கடை வைத்திருக்கும் பாய்தான் கையால் தைத்த தோல் மொக்காசின் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கட் ஷூ. ஒரே தோல் பாதத்துக்கு அடியில் தொடங்கி இரண்டு பக்கமும் மேலேறி வரும். மேலே ஒரு துண்டை வைத்துச் சுருக்கம் விழக் கையால் தைத்திருப்பார்கள். லேஸ் கிடையாது.

"காலை இறுக்கிப் பிடிக்குதே பாய்" என்றேன்.

"புதுசுல பிடிக்கத்தான் சார் செய்யும். விரலு நெரியக் கூடாது, குதிங்கால் கழண்டு வரக் கூடாது, அவ்வளவுதான். மொதல்ல வீட்டுக்குள்ள கொஞ்சங் கொஞ்சமாப் போட்டு நடங்க. தோலு ஒங்க காலப் படிச்சுக்கிடும்."

வீட்டுக்குள் ஷூவா? பாய்க்கு என் மனைவியைத் தெரியாது.

"ஷூவோட நடுவீட்டுல நடந்தீங்கன்னா அப்படியே தெருவுக்கும் நடந்துருங்க" என்றாள். மொட்டை மாடிக்குப் போனேன். கீழேயிருந்து குரல் வந்தது: "அங்கன பூஜை ரூமுக்கு மேல மிதிக்காதீங்க!"

ஆகவே அந்த மூலையை விட்டுவிட்டு, பருத்த சாக்ஸ் மாட்டிக்கொண்டு, மாலைதோறும் மாடியில் எட்டுக்குப் பதில் 'ட' போட்டு நடந்தேன். எதிர்மாடியில் வத்தல் அள்ள வந்த அம்மாள் என் மனைவியிடம், "சாருக்கு சுகரா?" என்று கேட்டாராம். கேட்கட்டும். இரண்டாவது வாரம் தோல் இளகி, என் சுண்டுவிரல் முண்டுக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. அதுவரை என் சுண்டுவிரலை அவ்வளவு மரியாதையாக யாரும் நடத்தியதில்லை.

2. வெயிலில் வைக்காதே

பராமரிப்பு பற்றி இளைஞர்கள் கேட்பதால் சொல்கிறேன். கரிசல் அப்பினால் உடனே கழுவக் கூடாது. நிழலில் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டினால் தானே உதிரும். நனைந்தால் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து ஃபேனுக்குக் கீழே வைக்க வேண்டும். நம் ஊர் வெயில் மிளகாய் வத்தலுக்கானது. அதில் ஷூவை வைத்தால் அதுவும் வத்தலாகிவிடும். தினமும் ஒரே ஜோடியைப் போடாமல் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். பின்பக்கத்தை மிதித்துச் செருப்பாக்காதீர்கள். க்ரீமை நகக்கண் அளவுக்குத் தடவினால் போதும். நான் ஒருமுறை சிக்கனமாகக் கடலை எண்ணெய் தடவினேன். காலையில் பார்த்தால் ஷூவுக்குள் எறும்புகள் குடியேறி, வெளியே வரிசை நின்றது.

3. ஊதுபத்தி

வடக்கேயிருந்து மொத்தமாகத் தீப்பெட்டி வாங்கும் பெரிய பையர் ஒருவர் யூனிட்டைப் பார்க்க வரப்போகிறார் என்றதும், சூப்பர்வைசர்கள் எல்லோரும் கறுப்பு லேஸ் ஷூதான் போட வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். என்னைத் தவிர எல்லோரும் போட்டார்கள்.

"ஏன்வே, நீரு மட்டும் மறுவீட்டு மாப்பிள்ளை கணக்கா கட் ஷூல நிக்கீரு?"

"லேஸ் அவுக்கச் சோம்பல்பட்டு ஒருத்தன் ஷூவோட உள்ள போனாம்னா, அப்புறம் ஷூ மட்டுந்தான் அண்ணாச்சி மிஞ்சும்."

முதலாளி யோசித்தார். "அப்ப உள்ள ஒரு சாமி படத்த மாட்டும். ஒரு பய ஷூவோட போகமாட்டான்."

"சாமி படம் வந்தா பின்னாலயே ஊதுபத்தி வரும் அண்ணாச்சி. மருந்து ரூமுக்குள்ள ஊதுபத்தி கொளுத்தவா?"

"ஒமக்கு வாய் சாஸ்தி" என்று போய்விட்டார். படம் மாட்டப்படவில்லை. நானும் லேஸுக்கு மாறவில்லை.

4. வாசல்

பையர் வந்த அன்று முதலாளியின் ஷூச் சத்தம் அவருக்கு முன்னால் வந்தது. குதிகாலில் இரும்பு லாடம் அடித்திருந்தார். டக், டக். பின்னாலேயே பையர். என் கட் ஷூவைக் கழற்றிவிட்டு மருந்து ரூம் வாசலில் வெறுங்காலோடு நின்றேன். உள்ளே மூன்று பேர் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வழிய விடும்வே."

"ஷூவக் கழத்திட்டு வாங்க அண்ணாச்சி."

"சும்மா எட்டிப் பாத்துட்டு வாரோம்."

"எட்டிப் பாக்கதுன்னா இங்கனயே நின்னு பாருங்க."

முதலாளி குரலை இறக்கினார். அது அவர் கத்துவதைவிட மோசம். "இது யாரு கம்பெனி?"

"கம்பெனி ஒங்களுது அண்ணாச்சி. உள்ள நிக்க மூணு பேரு உசுரு ஒங்களுது இல்ல."

வீர வசனம்தான். கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன், நான் வழியை மறிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள், விழாமல் இருக்கப் பிடித்தேன். உள்ளே மூவரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

பையருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் காலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், குனிந்து லேஸை அவிழ்க்கத் தொடங்கினார். முதலாளி அவிழ்க்கவில்லை. டக் டக்கென்று ஆபீஸுக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் கூப்பிட்டுவிட்டார். "வெளியூர்க்காரன் முன்னால எம் மானத்த வாங்கிட்டீரு. ஒரு வார்த்தை, மன்னிச்சிருங்கன்னு சொல்லும். விட்டுருதேன்."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நாளைக்கும் நீங்க லாடத்தோட வந்தா நாளைக்கும் நிப்பேன்."

"அப்ப நாளைக்கு டெஸ்பாட்ச்ல போயி நில்லும்."

டெஸ்பாட்ச் என்பது ஊருக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு குடோன். பண்டல் ஏற்றுவதை மேற்பார்வை பார்க்க வேண்டும். அங்கே ஷூவைக் கழற்றத் தேவையே இல்லை. போனேன், அதே கட் ஷூவில்.

இந்த வேலையில் நான் கற்றது இவ்வளவுதான்: கழற்ற எளிதான ஷூவை வாங்குங்கள், கழற்ற மறுப்பவர் யாராக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்துங்கள். பிறகு என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். டெஸ்பாட்ச் ஆகும்.

என் இடத்துக்கு முத்துக்குமார் என்ற சாதுவான ஆளை, வாயே திறக்கமாட்டான் என்று நம்பிப் போட்டார்கள். அடுத்த வாரம் அவனிடமிருந்து போன்.

"அண்ணே, முதலாளி லாடத்தோட வந்தாரு. கழத்தச் சொல்லிட்டேன்."

"என்னடே சொன்னாரு?"

"ஒன்னைய எங்க தூக்கிப் போடன்னு கேட்டாரு."

"டெஸ்பாட்ச்ல இன்னொரு நாற்காலிக்கு இடம் இருக்குன்னு சொல்லுடே."