சமையலறையில் கேட்ட வெற்றி

வில்மா கொவாலிக், தன் ஊர் பேஸ்பால் அணியான ஹெரன்ஸின் பெரிய வெற்றி ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் சமையலறையில் நின்றபடி காதால்தான் கேட்டாள்.

கல்யாணமான முதல் வருடம் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் காரணம். கூடத்துத் தொலைக்காட்சியில் அணி தோற்றுக்கொண்டிருந்தபோது, கொடியில் கிடந்த துணியை எடுத்துவர அவள் எழுந்து போனாள். திரும்பி வருவதற்குள் நாலு ரன் வந்துவிட்டது. அடுத்த வாரமும் அப்படியே. கெட்டில் கூவுகிறதென்று ஓடினாள். இங்கே பந்து வேலியைத் தாண்டிப் பறந்தது. அன்றோடு அவள் கணவன் காஸ் முடிவு கட்டிவிட்டான்: வில்மா கூடத்தில் இருந்தால் அணி உருப்படாது.

அந்தத் துறைமுக ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. ஒருவர் ஆட்டப் பருவம் முழுக்க ஒரே காலுறையைத் துவைக்காமல் போடுவார். காஸின் தம்பி டெடி, அணி பின்தங்கினால் தொப்பியை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொள்வான். காஸுக்கு வாய்த்தது மனைவி.

நாற்பத்தோரு வருடம். பள்ளிக்கூட உணவகத்தில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு, வீங்கின காலோடு வந்து உட்காருவாள். "வில்மா, அங்க ஏதாவது வேல இருக்கா பாரேன்" என்று அவன் இழுப்பான். எழுந்து போவாள். கோபம் வந்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அணிக்காக அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

நாற்பத்தோராவது வருடம் ஹெரன்ஸ் கடைசி இடத்தில் ஒட்டிக்கொண்டு பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. எதிரில் பணக்கார நகரத்து அணி. ஹெரன் என்றால் கொக்கு. 'கொக்குகளை ஒரே நாளில் உரித்துவிடுவார்கள்' என்று பத்திரிகைகள் எழுதின. உரிக்க முடியவில்லை. ஆளுக்கு இரண்டு வெற்றி. ஐந்தாவது ஆட்டம் அக்டோபர் மாதத்தில் ஒரு மதியம். ஜெயித்தவருக்கு அடுத்த சுற்று, தோற்றவருக்கு வீடு.

காஸின் கட்டில் அப்போது கூடத்துக்கு வந்திருந்தது. முப்பது வருடம் கப்பல் பட்டறையில் சுவாசித்த தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. காலையில் வந்த நர்ஸ் வில்மாவை வாசலுக்கு அழைத்தாள்.

"இன்னைக்கோ நாளைக்கோதாம்மா. தனியா விடாதீங்க. கையப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருங்க."

அதனால் அன்று வில்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, கணவனின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் அவனுக்கு வேலை இருந்தது. போர்வைமேல் ஸ்கோர் நோட்டு, விரலிடுக்கில் பென்சில். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு சின்னச் சாய்சதுரம்; அதன் நாலு முனையும் மைதானத்தின் நாலு பேஸ். ஆட்டக்காரன் ஒவ்வொரு பேஸாக ஓட ஓட, காஸ் ஒவ்வொரு பக்கமாகக் கோடு இழுப்பான். சுற்றி வந்து ரன் எடுத்தால் உள்ளே கறுப்பாகத் தீட்டுவான். டெடி தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

ஒன்பதில் எட்டு இன்னிங்ஸ் முடிந்தது. எதிரணி ஆறு, ஹெரன்ஸ் ஒன்று. தீட்டின கட்டம் ஒன்றே ஒன்று.

"வில்மா."

"தண்ணி வேணுமா?"

"வேணாம். நீ போ."

"எங்க போறது?"

"ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேக்கறா பாரு!" டெடி தொப்பியைத் திருப்பிப் போட்டான். "எட்டு இன்னிங்ஸ் இங்க உக்காந்து கெடுத்தது போதும் தாயே, கிளம்பு!"

"வாய மூடு டெடி. இன்னைக்கு நான் எங்கயும் போகப்போறதில்ல."

காஸ் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். "ஒரே இன்னிங்ஸ். அப்புறம் நாள் பூரா உக்காந்துக்க. போ வில்மா."

பல மாதமாக அவன் சோறு கேட்டதில்லை, தலையணை கேட்டதில்லை. இதைக் கேட்டான். அவள் கையை விட்டாள்.

"டெடி, கண்ண எடுக்காமப் பாத்துக்க."

"பாத்துக்கறேன், போ."

சமையலறை வானொலியைப் போட்டாள். முதல் ஆள் அவுட். இரண்டாமவனும் அவுட். வாழ்க்கையில் முதல்முறையாக, மூன்றாவது ஆளும் சீக்கிரம் அவுட் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மூன்று அவுட்டோடு ஆட்டம் முடிந்துவிடும், உள்ளே போகலாம்.

அவன் அவுட் ஆகவில்லை. அடுத்தவனும் ஆகவில்லை. ஒரு ரன், பிறகு இரண்டு. மைதானத்தின் இரைச்சல் வானொலியில் கொதித்தது. ஒரு தரம் கதவுவரை போய்க் கைப்பிடியைத் தொட்டாள். உள்ளே போய், அந்த நேரம் பார்த்து அவுட் ஆகிவிட்டால்? கடைசியாகக் கேட்டதையும் கெடுத்தவளாகிவிடுவாள். திரும்பி வந்து பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அணி பிழைக்கப் பிழைக்க, அவள் அங்கேயே நிற்கவேண்டியிருந்தது.

ஆறுக்கு நாலு. இரண்டு பேர் பேஸில். பிறகு ஒரு அடி, பந்து வேலிக்கு வெளியே, மூன்று ரன். வர்ணனையாளரின் குரல் உடைந்தது. ஏழுக்கு ஆறு! தெருவில் கார்கள் ஒலியெழுப்பின. யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள்.

அவள் ஓடினாள்.

டெடி தொலைக்காட்சிக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தான். கண்ணை எடுக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தான், திரையை. "பாத்தியாடா காஸ்! பாத்தியா!" என்று கத்தினான். அவன் முதுகு கட்டில் பக்கம் இருந்தது.

காஸின் கண்கள் திறந்திருந்தன. பென்சில் போர்வை மடிப்பில் கிடந்தது.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித் தொடை வறுவல், முட்டைக்கோஸ், பியரோகி என்ற கொழுக்கட்டை. பாதிப்பேர் ஹெரன்ஸ் தொப்பியோடு வந்திருந்தார்கள். துக்கம் விசாரித்த வாயாலேயே, அந்தக் கடைசி அடியின்போது தாங்கள் எங்கே இருந்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் முடிதிருத்தும் கடையில், பாதி வெட்டின தலையோடு.

டெடியைச் சுற்றிக் கூட்டம்.

"கடைசி அடியப் பாத்தான். என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சான். அப்புறம்தான் போனான். அப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும்?" சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "இல்லையா வில்மா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

ஸ்கோர் நோட்டு அவள் கைப்பையில் இருந்தது. கோடுகளைப் படிக்க நாற்பத்தோரு வருடத்தில் கற்றிருந்தாள். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட்டையும் காஸ் குறித்திருந்தான். அடுத்த கட்டத்தில் முதல் பேஸ்வரை ஒரு கோடு. அங்கிருந்து இரண்டாவது பேஸை நோக்கி ஏறி, பாதியில் நின்றிருந்தது. கறுப்பு ஒன்றும் இல்லை. பென்சில் நின்றபோது ஆறுக்கு ஒன்றுதான்.

டெடி இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் சமையலறையில இருந்தேன் டெடி," என்றாள் வில்மா.

பிறகு காலித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, கழுவும் இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனாள்.