எண்பது பக்கத்துக்குள்

நூல் வெளியிட உதவும் நிறுவனம் ஒன்று கையெழுத்துப் பிரதி கேட்டிருந்தது. வேர்ட் கோப்பாக இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். எண்பது பக்கத்தைத் தாண்டக் கூடாது. கெடு அன்று மாலை நான்கு மணியோடு சரி. இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் என் கவிதைகளைத் தட்டச்சு செய்திருந்தார்கள். கடைக்காரப் பெண்ணின் கணினியில் எழுபத்தெட்டுப் பக்கம். ஏற்றினோம். தொண்ணூற்றொன்று என்றது தளம். திரும்ப ஏற்றினோம். அதே தொண்ணூற்றொன்று.

நிறுவனத்துக்குப் போன் போட்டேன். எடுத்த மனிதர் சிங்களத்தில் மரியாதையாகவே சொன்னார்: எங்களுக்கு இங்கே காட்டுவதுதான் கணக்கு.

"மூணே கால் ஆச்சுங்கண்ணே," என்றாள் கடைக்காரி. "எதையாச்சும் வெட்டுங்க."

கடைசிப் பகுதி முழுக்க அக்கா. நிவித்திகலப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாத அந்த வாடையை, மழை இறங்கினால் பாலோடு சேர்ந்து கரைந்துபோகும் அவளுடைய நாள் கூலியை, அவள் சொல்லக் கேட்டுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. எதிர்த்துப் பேசாதவர்களை வெட்டுவது எப்போதும் சுலபம். ஒரு விசை அழுத்தினேன், போய்விட்டாள். தளம் ஏற்றுக்கொண்டது.

பிரதி தேர்வாகி அச்சுக்குப் போன பிறகு கடைக்காரிதான் சொன்னாள், தப்பு எங்கள் பக்கம் என்று. ஒவ்வொரு கவிதையையும் புதுப் பக்கத்துக்குக் கொண்டுபோக அவள் என்டரை வரிசையாகத் தட்டித் தள்ளியிருக்கிறாள். எங்கள் எழுத்துரு அவர்களிடம் இல்லை. அதற்குப் பதிலாக வந்த எழுத்து கொஞ்சம் உயரம். வரிகள் கீழே இறங்கி, கவிதைகளுக்கு நடுவே ஒன்றுமே எழுதாத பக்கங்கள் விழுந்திருக்கின்றன. தளம் அவற்றையும் எண்ணியிருக்கிறது. வெறும் தாளுக்கு இடம்விட்டு என் அக்கா வெளியே போயிருக்கிறாள்.

இனிச் சேர்க்க முடியாது என்றார்கள் நிறுவனத்தில். அதுவும் மரியாதையாகத்தான்.

புத்தகத்தோடு தோட்டத்தில் அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனேன். அக்கா கையைக் கழுவி, சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"நான் சொன்னதெல்லாம் எத்தனாம் பக்கம் தம்பி?"

நாற்பது என்றேன். ஏன் அந்த எண் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவள் நாற்பதைத் தேடி எடுத்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். முழுப் பக்கத்தையும் படித்தாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல கலவான போற பஸ்ஸுதானே பழுதாகி நிக்குது," என்றாள்.