அம்மா இறங்கிய ஏரி

சென்ற வாரம் பாடசாலை முகாமில் என் மகளின் கயாக் கவிழ்ந்துவிட்டது. உயிர்காப்பு அங்கி போட்டிருந்தாள், ஒரு கீறல்கூட இல்லை. தொலைபேசியில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் அதை மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். தொண்ணூறுகளில் நாங்கள் போன ஓர் ஏரி ஒரு வாரமாகக் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்துக்கு வந்து, சான்ட்ரிங்ஹாமில் வாடகைக்கு இருந்தோம். கோடை விடுமுறைக்கு இந்த நாட்டில் எல்லாரும் கூடாரம் அடித்துத் தங்குவார்கள் என்று அப்பாவின் வேலைத்தலத்தில் யாரோ சொல்லி, கூடாரத்தையும் இரவல் கொடுத்துவிட்டார். வடக்கே மூன்று மணி நேரப் பயணம். மூன்று நாளுக்கு அம்மா பத்துக் கிலோ அரிசி கட்டினார். கடைசியாகப் பழுப்பு நிறக் கைப்பையை எடுத்தார். கடவுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் பதிவு, ஊர்க் காணியின் உறுதிப் பத்திரம் எல்லாம் அதற்குள் இருந்தன. வீட்டை விட்டு வெளியே படுக்கப் போவதென்றால் அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான்.

"கூடாரத்துக்குப் போறமோ, இடம்பெயர்ந்து போறமோ?" என்று அப்பா கேட்டார். அம்மா பையை மடியில் வைத்து, அதற்கும் சேர்த்து சீற் பெல்ற்றைப் போட்டார்.

ஏரியின் கரையோரம் வெண்மணல். கொஞ்சத் தூரம் வரை கால்விரல்கள் தெரியும். அதற்கப்பால் தண்ணீர் திடீரென்று கருநீலம். அங்கே நிலம் செங்குத்தாக இறங்குகிறது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. நான் பாடசாலைக் குளத்தில் நீந்தப் பழகியிருந்தேன். அம்மாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, அடுத்த கூடாரத்து மாவோரிப் பிள்ளைகளோடு இறங்கினேன். அம்மா பையோடு கரையில் உட்கார்ந்திருந்தார்.

முகம் குப்புற மிதந்தபடி யார் அதிக நேரம் மூச்சுப் பிடிப்பது என்று போட்டி. எப்படியும் வெல்ல வேண்டும் என்று கைகால்களை விரித்து, கருநீலத் தண்ணீரின் மேல் அசையாமல் கிடந்தேன்.

தலையை நிமிர்த்தியபோது அம்மா உடுப்போடு நெஞ்சளவு தண்ணீரில் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். கையில் பை இல்லை. அது அவருக்குப் பின்னால் மிதந்துகொண்டிருந்தது. இன்னும் ஓர் அடி வைத்தார். அவரைக் காணவில்லை.

அந்தப் பிள்ளைகளின் தாய்தான் பாய்ந்து போய், அம்மாவைச் சட்டையில் பிடித்து இழுத்து வந்தார். நீந்தத் தெரியாத அப்பா, பாவம், பையைப் பிடித்தார். அம்மா கரையில் இருமி முடிக்கும் வரை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிப் போய்க் கோபம் வந்தது.

"நீந்தத் தெரியாமல் ஏனம்மா இறங்கினீங்கள்?"

"நீ அசையேல்லை, பிள்ளை," என்றார் அம்மா.

பின்னேரம் முழுக்கப் பைக்குள் இருந்த கடதாசிகள், அம்மாவை இழுத்து வந்த அன்ரி கொடுத்த உடுப்புக் கிளிப்புகளில், கூடாரக் கயிறுகளில் தொங்கிக் காய்ந்தன. காணி உறுதியில் மை பரவியிருந்தது. அப்பா அதைக் கண்டு தலையில் கை வைத்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் அப்பாவின் ரீசேட்டையும் அரைக்காற்சட்டையையும் போட்டுக்கொண்டு அம்மா தண்ணீருக்குள் வந்தார். தன்னையும் மிதக்கப் பழக்கிவிடச் சொன்னார். நான் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தேன். பலகைபோல விறைத்துக் கிடந்தார். கண்ணை மட்டும் மூடவில்லை. மத்தியானத்துக்குள், சொல்லாமல் கையை எடுத்தும் பார்த்தேன். மிதந்தார். கரையில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை. மல்லாந்து கிடந்தபடியே, நேற்று நான் கிடந்த இடத்துக்குப் போய்ச் சேர எத்தனை தரம் கையை அடிக்க வேண்டும் என்று கேட்டார். அம்மாவுக்கும் விடுமுறை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பத்துத் தரம் போதும் என்றேன்.