யார் போனது என்று சொல்லாத கவிதை

பூரணிக்குச் சீன மொழி வந்து ஒட்டிக்கொண்டதே ஒரு வேடிக்கை. மாதனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் கம்பெனி ஒன்றில் சாம்பிள் பிரிவில் வேலை. புது மெஷின் பூட்டச் சீனாவிலிருந்து வந்த இரண்டு பேர் ஒரு மாதம் அவள் மேஜைக்கு எதிரிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது சண்டையா சமாதானமா என்று தெரியாமல் தவித்தவள், கேட்டுக் கேட்டு நாலு வார்த்தை பிடித்தாள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் ஆசை விடவில்லை. வேலூரில் ஒரு பல்கலைக்கழகம் ஞாயிற்றுக்கிழமைகளில் சீனம் கற்றுக்கொடுக்கிறது என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

முதல் வருஷம் எழுத்தும் பேச்சுமாக ஓடியது. இரண்டாம் வருஷப் பாடத்தைப் பார்த்தால் 'நவீன சீனக் கவிதை' என்று இருந்தது.

"கவிதையா? தமிழ்லயே அது நமக்கு ஏறாது" என்றான் அவள் கணவன் மகேந்திரன், லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே. "சைனாக்காரன் கவிதைய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"மொதல்ல படிக்கிறேன். அப்புறம் யோசிக்கலாம்."

பாடம் நடத்திய செல்வகுமார், டாக்டராகப் போகிறேன் என்று சீனா போனவர். பிணத்தை அறுக்கும் வகுப்பில் இரண்டு தடவை மயங்கி விழுந்தபின் இலக்கியத்துக்குத் தாவிவிட்டார். வீட்டில் இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது, அவருக்கு இல்லை. கவிதை என்று தெரிந்ததும் வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர்.

நிலா, பூ, வாத்து என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்துப் போன பூரணிக்கு முதல் வாரமே ஆச்சரியம். சொட்டுகிற குழாய் வந்தது. வாடகை அறை வந்தது. ஷிஃப்ட் முடிந்து சாக்ஸைக் கழற்றுகிற ஒருத்தி வந்தாள்.

"சார், இதெல்லாம் கூடவா கவிதை?"

"ஏம்மா, புடிக்கலையா?"

"புடிக்குது சார். அதான் சந்தேகமா இருக்கு."

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு செல்வகுமார், பெயர் தெரியாத யாரோ ஒருவர் ஏதோ சிறு பத்திரிகையில் எழுதிய நாலு வரியைக் கொடுத்து, அடுத்த வாரம் தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். திங்கள் இரவுக்குள் மூன்று வரியை முடித்துவிட்டாள் பூரணி. விடிகிறது. கிண்ணத்தில் இன்னும் ரசம். மழை உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிக்கல் இரண்டாவது வரியில். கதவைச் சாத்தாமல் யாரோ போயிருக்கிறார்கள். சீனத்தில் அது அவனா, அவளா, அவரா, அவர்களா என்று இல்லை. போனது மட்டும்தான் இருக்கிறது. தமிழிலோ வினைச்சொல்லின் வாலைப் பிடித்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். போனான் என்றால் ஒரு கவிதை. போனாள் என்றால் வேறு கவிதை.

செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்ஸில் வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்து இருக்கை பக்ருன்னிசா தோளில் இடித்தாள்.

"இன்னாம்மா, மந்திரமா?"

பூரணி விஷயத்தைச் சொன்னாள். பஸ்ஸில் கவிதை கிளம்பிவிட்டது.

"போனது பொண்ணுதான். கண்ணாலம் கட்டிக் குடுத்துட்டாங்க. அம்மாக்காரி கதவையே பாத்துக்கினு நிக்கிறா" என்றாள் பக்ருன்னிசா. போன மாதம்தான் அவள் மகளின் நிக்காஹ் முடிந்திருந்தது.

பின்னாலிருந்து மரியம்மாள் எழுந்து நின்றேவிட்டாள். "ரசம் சாப்புடாம போறது ஆம்பளைங்கதான். லேட்டாய்ட்ச்சின்னு ஓடியிருப்பான். கதவ சாத்துனதா சரித்திரமே கெடையாது."

"செத்துப் போய்ட்டாங்களோ?" என்றது ஒரு குரல்.

"காலங்காத்தால வாயக் கழுவு!"

"பூனைப்பா அது" என்றார் டிரைவர் பெருமாள், கண்ணாடியைப் பார்த்தபடி. "பூனைதான் கதவ சாத்தாது."

இறங்கும்போது மகள் கட்சி, கணவன் கட்சி, பூனைக் கட்சி என்று மூன்று இருந்தன. பூரணிக்குத் தலை சுற்றியது. ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது; ஷூவின் மேல்தோலை வெட்டும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் கேன்டீனுக்குப் புது சூப்பர்வைசர் வந்தான். காலேஜ் முடித்த கையோடு வந்தவன். மீசை இன்னும் முழுசாக இல்லை. நாற்பது தாண்டிய மரியம்மாளுக்கு அவனை 'நீ' என்று கூப்பிடவும் பயம், 'நீங்க' என்று கூப்பிடவும் மனசில்லை. எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள்.

"இன்னா சார், சாப்டாச்சா?"

பூரணி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. சாப்டாச்சா. யார் சாப்பிட்டது? வாலில் ஆளே இல்லை! மாமியாரிடம், புது மாப்பிள்ளையிடம், கடன்காரனிடம் எல்லாம் ஊரே இப்படித்தானே பேசித் தப்பித்துக்கொள்கிறது! எழுந்து மரியம்மாளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஏய், எச்சக் கை!" என்று கத்தினாள் மரியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வகுமார் ஐந்து பேருடைய இரண்டாவது வரியையும் பலகையில் வரிசையாக எழுதினார். சென்றான், சென்றாள், சென்றார், சென்றனர். கடைசியில் பூரணியுடையது: 'கதவு சாத்தாமல் போயாச்சு.'

அந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டார். பிறகு அறை அதிரச் சிரித்தார்.

"நானும் இதத்தான் தேடிக்கினு இருந்தேன். எங்க கெடச்சிது?"

"கேன்டீன்ல சார்."

"அப்படியே இருக்கட்டும். ஒரு எழுத்தத் தொட வேணாம்." அடுத்த வரிக்கு வந்தவர் நின்றார். "ரசம் எங்கேர்ந்து வந்துது?"

"சூப்புதானே சார் போட்டிருக்கு? நம்ம ஊர்ல அது ரசம்."

அவர் அந்தச் சீன எழுத்தைப் பலகையில் பெரிதாக வரைந்தார். சூப் என்ற எழுத்துக்கு அடியில் நெருப்பு என்று இன்னொரு எழுத்து. "அடியில தீ எரியுது பாருங்க. அத விட்டுட்டீங்க. சூப்புக்கு அடியில தீ வெச்சா, சூடு. கிண்ணம் இன்னும் சுடுதுன்னு அர்த்தம். கவிதைல ரசமே கெடையாது."

வகுப்பே சிரித்தது. பூரணிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அரை மார்க் போயிற்று.

திங்கள் காலை பஸ்ஸில் அவள் தீர்ப்பைச் சொன்னாள். போயாச்சு என்ற வார்த்தைக்கு மூன்று கட்சியும் தலையாட்டின, யாரும் தோற்கவில்லை. ரசத்தைத்தான் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"காலிக் கிண்ணம் சுட்டா இன்னா, சுடலைன்னா இன்னா? ரசம் இருந்தாத்தான போனவங்க சாப்புடாம போய்ட்டாங்கன்னு வயிறு எரியும்" என்றாள் பக்ருன்னிசா. "உங்க சார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

சொன்னாள். அடுத்த மாதம் துறையின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தமிழ் நாலு வரி கிண்ணச் சூட்டோடு ஏறியது. அதற்குக் கீழே செல்வகுமார் தன் கையெழுத்தில், 'ஆம்பூர் பஸ்ஸில் இதற்கு ரசம் வைத்த பாடபேதம் ஒன்றும் உண்டு' என்று எழுதியிருந்தார். பூரணி அதை போனில் படம் பிடித்து பஸ்ஸில் சுற்றுக்கு விட்டாள். அது டிரைவர் சீட் வரை போய்த் திரும்பியது.

பரீட்சையில் வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். சீனக்காரர்கள் மறுபடி கம்பெனிக்கு வரவில்லை. அவள் கற்றதை மெஷினிடம் காட்டவும் வழியில்லை. அவள் அதற்குக் கவலைப்படவில்லை. மூன்றாம் வருஷத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். முதல் கவிதையே ஒரே குடையில் போகும் இரண்டு பேரைப் பற்றியது.

"யார் யாருன்னு போட்டிருக்கா?" என்றாள் மரியம்மாள், பஸ் மேம்பாலம் ஏறும்போது.

"போடல."

"பேஜாருதான். எந்தத் தோளு நனையுது, அதயாச்சும் போட்டிருக்கானா?"

பூரணி தாளை விரித்தாள்.