ஃபெம்மி மூடிய பெட்டி

லெம்பே நீரிணையின் இந்தக் கரையில், கடலுக்குள் முங்கிப் பார்க்க வருபவர்கள் தங்கும் ஒரு விடுதியின் கேமரா அறையைப் பதினோரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் ஃபெம்மி சலின்டேஹோ. அதே விடுதியின் அடுக்களையில் நான் இருந்தேன். எங்கள் கடலடியில் பவளம் குறைவு, கறுப்பு மணல்தான். அதில் விரல்நகம் அளவுகூட இல்லாத உயிர்களைப் படம் பிடிக்கத்தான் உலகத்தின் பாதி தூரம் பறந்து வருகிறார்கள். அவற்றைப் பெரிதாகக் காட்ட, கேமராவில் இன்னொரு குளோசப் லென்ஸ் மாட்டியாக வேண்டும்.

அதை மாட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. தண்ணீர் புகாத பெட்டிக்கு வெளியே, முகப்புக் கண்ணாடியின் மேல் திருகலாம். வேண்டாதபோது கடலடியிலேயே கழற்றிவிடலாம். இல்லையென்றால் பெட்டிக்குள்ளே, கேமராவின் லென்ஸிலேயே திருகி மூடிவிடலாம். அப்படி மூடினால் கரையோ படகோ ஏறித் திறக்கும்வரை எட்ட இருப்பது எதுவும் தெளிவாக விழாது, எல்லாம் மூட்டம்தான். எந்த விருந்தாளிக்கு எது சரிப்படும் என்று ஃபெம்மிக்குத் தெரியும். மூடுவதற்கு முன் ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் ஒரு சுற்றுத் தடவுவாள். அந்தப் பதினோரு ஆண்டில் அவள் மூடிய பெட்டி எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருந்த உறவு தங்கை யூல்சே, தங்கை புருஷன் நோல்டி, அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள். விருந்தாளிகளைக் கடலடிக்குக் கூட்டிப்போய்க் காட்டும் வேலையில் நோல்டியைச் சேர்த்துவிட்டவளே ஃபெம்மிதான். மணலில் கிடப்பது குப்பையா மீனா என்று அவனைப் போலக் கண்டுபிடிக்க ஆளில்லை. அவன் பெயரைக் கேட்டே விருந்தாளிகள் வந்தார்கள்.

அந்த வருடம் ஜூலையில் வெசல் என்ற டச்சுக்காரப் பல் மருத்துவர் வந்தார். அரிசி மணி அளவுக் கடற்குதிரை அவருக்கு வேண்டும். லென்ஸை வெளியே திருகினால் கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் குமிழி நின்று படத்தைக் கெடுக்கிறது என்று நொந்துகொண்டார். “உள்ள மாட்டித் தரேன். ரெண்டு முங்கலும் சின்ன ஜீவன்தானே, கழட்டவே வேண்டாம்,” என்றாள் ஃபெம்மி. அப்படியே மாட்டி, வளையத்தைத் தடவிப் பார்த்து மூடிக் கொடுத்தாள்.

முதல் முங்கலில் கடற்குதிரை கிடைத்துவிட்டது. இரண்டாவதில் ஐந்து நிமிடத்துக்குள் பெட்டியில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கரைக்குக் கொண்டுவந்து திறந்தபோது ரப்பர் வளையத்தின் அடியில் ஒரு துண்டு நூல் கிடந்தது. வெசல் கத்தினார். மேலாளர் ஓடி வந்து யார் மூடியது என்று கேட்டார்.

காற்று உருளையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே நோல்டி சொன்னான்: “காலைல அக்காதான் மூடினாங்க.”

அவ்வளவுதான் சொன்னான். அது உண்மையும்கூட.

முதல் முங்கலில் எப்படியோ தாங்கியது இரண்டாவதில் வழிவிட்டிருக்கும் என்று எல்லாரும் முடிவு கட்டி, அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். நீரிணையில் உள்ள மற்ற விடுதிகளுக்கும் மேலாளர் செய்தி போட்டுவிட்டதால் யாரும் அவளைச் சேர்க்கவில்லை. பித்துங் நகரத்தில் மீன் டின்னில் அடைக்கும் ஆலைக்குப் போனாள். நின்றபடியே சூரை மீனின் கறுத்த சதையைச் சுரண்டும் வேலை. அவளைத் தின்றது அந்த வேலையில்லை. தப்பு தன்னுடையது என்று நம்பிவிட்டாள்.

“விரலால தடவினேனே, எப்படித் தெரியாம போச்சு? எனக்கு விரல் மரத்துப் போச்சா?” என்று என்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பாள். ஊசி முனையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

யூல்சே வாரந்தோறும் பூசணிக் கஞ்சியும் புகைபோட்ட சூரையும் எடுத்துக்கொண்டு வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து, “மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும். மறந்துரு அக்கா,” என்று முதுகைத் தடவிக் கொடுப்பாள். நானே பார்த்திருக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து வெசலிடமிருந்து ஃபெம்மியின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. நனைந்த கேமராவின் நினைவட்டை பிழைத்துவிட்டிருந்தது. நிதானமாக இப்போதுதான் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். கீழே எழுதியிருந்தார்: ‘கடைசிப் படம் நான் எடுத்ததில்லை. இரண்டு முங்கலுக்கும் நடுவில் நான் படகில் தூங்கிவிட்டேன். உள்ளே குளோசப் லென்ஸ் இருந்திருந்தால் இது இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. யாரோ பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உங்களிடம் கத்தியதற்கு வெட்கப்படுகிறேன்.’

படத்தில், அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு படகு. இருபது அடி தூரத்தில் அதன் நடுவில், ரோஜா நிறப் பட்டுக் கவுனில், தலையில் பூச்செருகி, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு யூல்சே நின்றாள். அன்றைக்கு அவள் தோழி ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போன நாள்.

ஃபெம்மி என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். நாங்கள் போனபோது யூல்சே முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஃபெம்மி கைப்பேசியை நீட்டினாள்.

“இதுல அழகா இருக்க,” என்றாள்.

யூல்சே பார்த்தாள். கையிலிருந்த சட்டையைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் கேட்டேன் அக்கா. பெரிய கேமராவுல ஒண்ணு எடுங்கன்னு புள்ளைங்க அப்பாகிட்ட கத்தினேன். மங்கலா தெரியுதுன்னு அவரு பெட்டியத் திறந்து லென்ஸக் கழட்டி எடுத்தாரு. திரும்ப மாட்டிட்டாரு. துண்டுல கையத் துடைச்சிட்டுத்தான் மூடினாரு. நூல் எப்படிப் போச்சுன்னு தெரியல.”

“அன்னிக்கே உனக்குத் தெரியும்.”

“சாயங்காலம் வந்து அழுதாரு. நீ ஒத்த ஆளு, எப்படியும் பொழச்சிக்குவ. அவருக்கு வேலை போச்சுன்னா இந்த ரெண்டையும் வச்சிட்டு நான் எங்க போவேன்?”

“வேலையப் பத்தி நான் கேட்கல. என் விரல் மரத்துப் போச்சான்னு உன்கிட்டதானே கேட்டேன். மூணு தடவ கேட்டேன். டாக்டர்கிட்ட காமின்னு சொன்ன.”

யூல்சே சட்டையைக் கொடியில் போட்டு அதன் சுருக்கத்தை நீவினாள். நோல்டி உள்ளேதான் இருந்தான். திரைக்குக் கீழே அவன் கால் தெரிந்தது. வெளியே வரவில்லை. ஃபெம்மியும் கூப்பிடவில்லை.

மறுநாள் மேலாளரிடம் போனாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். “திரும்ப வந்துருங்க ஃபெம்மி. நோல்டிய என்ன செய்யட்டும்? டிசம்பர் வரைக்கும் அவன் பேருலதான் எல்லாரும் பதிஞ்சிருக்காங்க.”

“அவன நீங்க வச்சிக்கோங்க. எல்லா விடுதிக்கும் எழுதினீங்கள்ல, அதே ஆளுங்களுக்கு நடந்தத எழுதுங்க. நான் பக்கத்துல இருக்கேன், இப்பவே எழுதுங்க.”

எழுதினார். ஒரு வரியை இரண்டு முறை மாற்றச் சொன்னாள். ‘தவறு நேர்ந்திருக்கலாம்’ என்று ஆரம்பித்தவரை, ‘தவறு அவருடையது அல்ல’ என்று எழுதும்வரை விடவில்லை.

இப்போது அவள் எதிர்க்கரையில் வேறொரு விடுதியில் கேமரா அறையைப் பார்க்கிறாள். வெசல் போன ஆண்டு அங்கேதான் தங்கினார். விரலைப் பற்றி அவள் கேட்பதில்லை. ஆனால் பெட்டியை மூடியதும் விருந்தாளி கண்முன்னே மூடி சேரும் இடத்தில் தண்ணீரில் ஊறாத சின்ன ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, அவரையே கையெழுத்துப் போட வைக்கிறாள். முன்பெல்லாம் மூடிக் கொடுத்தால் போதும், அடுத்த பெட்டிக்குப் போய்விடுவாள்.

போன அறுவடை நன்றித் திருநாளில் எங்கள் வீட்டில் ஊரே சாப்பிட்டது. ஃபெம்மி ஒரு முனையில், இரண்டு பிள்ளைகளோடு யூல்சே மறுமுனையில். பிள்ளைகள் பெரியம்மா மடியில் போய் ஏறிக்கொண்டன. அவளும் முள்ளெடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் யூல்சே, “அக்கா, அந்த மிளகாய்த் துவையல இப்படித் தள்ளேன்,” என்றாள். ஃபெம்மி கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான்தான் கொண்டுபோய் யூல்சே முன்னால் வைத்தேன்.