பால்கனிக் கம்பி

கட்டடங்களைச் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் மாடி வீடு கட்டினார். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள், காலையிலேயே ஏறிப் பார்த்தேன். வீதிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்குக் கம்பியை மேல்மட்டத்தில் கட்ட வேண்டும். கீழே இறங்கிவிட்டால் பால்கனி தாங்காது. மேஸ்திரி சரியாகவே கட்டியிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு சொந்தபந்தம் வந்தது. நல்ல நேரத்தில் முதல் சட்டி கான்கிரீட்டைக் கொட்டுவதைப் பார்க்க மாமன், மச்சான், பங்காளி என்று இருபது பேர் மேலே ஏறினார்கள். போட்டோ அழகாக விழ வேண்டுமாம். அத்தனை பேரும் பால்கனிக் கம்பிமேல் போய் நின்றார்கள். கம்பி அமுங்கி அடிப்பலகையோடு படுத்துவிட்டது.

"எல்லாரும் எறங்குங்க. கம்பியத் தூக்கிக் கட்டோணும்," என்றேன்.

"ஏனுங்க சார், நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிசந்தானுங்க இருக்குது," என்றார் பண்ணைக்காரர். "அதான் காலைலயே பாத்துட்டீங்கல்லங்க?"

பார்த்துவிட்டேன்தான். கீழே கிடாக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று, எனக்கு நானே பெரிய மனுஷன் பட்டம் சூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். படுத்த கம்பிமேலேயே கான்கிரீட் விழுந்தது. கறி பிரமாதம். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது பால்கனியின் அடியில் முட்டுக்கொடுத்த கம்பங்கள் இல்லை. பெயின்ட் அடித்து, சீரியல் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். பண்ணைக்காரரின் மகள் கைக்குழந்தையோடு பால்கனியில் நின்று கையசைத்தாள்.

"நீங்களும் மேல போங்க சார், ஒரு போட்டோ எடுத்துக்கலாம்," என்றார் பண்ணைக்காரர்.

மூட்டுவலி என்றேன். எனக்கு ஏது மூட்டுவலி? பயம்தான். பக்கத்தில் இன்னொருவரும் ஏறாமல் நின்றார், மேஸ்திரி.

"நீங்க போகலீங்களா?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்ட நீங்களே போகலீங்க. நான் எதுக்குங்க?"

அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. அண்ணாந்து கத்தினேன்: "கொழந்தையத் தூக்கிட்டு உள்ள போ சாமி! பால்கனி தாங்காது!"

அவள் மிரண்டுபோய் உள்ளே ஓடினாள். வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பண்ணைக்காரர் என்னை முறைத்தார். "ஏனுங்க, பாத்துக் கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே?"

"நான்தானுங்க," என்றேன். "அதைய நம்பாதீங்க."