பிரிஸில்லா அனுப்பிய மெயில்

கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பிரிஸில்லா உதவித்தொகைப் பிரிவைக் கவனிக்கிறார். பிரிவு என்றால் அவரும், ஒரு மேசையும், வெளியே பேச முடியாத ஒரு தொலைபேசியும்தான். உள்ளே வரும் அழைப்பை மட்டும் எடுக்கலாம். சிக்கனம்.

போன வருஷம் ஒரு மாணவன் போலி மெயிலை நம்பி ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டு வந்து நின்றான். அன்று மாலையே பிரிஸில்லா ஒரு நோட்டீஸ் எழுதி எல்லா வகுப்பு வாசலிலும் ஒட்டினார். புது முகவரியிலிருந்து வரும் மெயிலை நம்பாதே. அவசரப்படுத்தினால் நம்பாதே. சந்தேகம் வந்தால் ஃபீஸ் ரசீதில் உள்ள அலுவலக எண்ணுக்குப் பேசு. பிள்ளைகள் படிப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. படித்திருந்தார்கள்.

இந்த வருஷம் கல்லூரி தன் மெயில் முகவரியை மாற்றியது. தேர்வு விடுமுறையில் ஓர் அறக்கட்டளை உதவித்தொகைப் பட்டியலை அனுப்பி, பாஸ்புக் நகல்களை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டது. பிரிஸில்லா புது முகவரியிலிருந்து எல்லோருக்கும் மெயில் போட்டார். 'உடனே' என்பதைச் சிவப்பில் அடித்தார்.

ஒருவரும் பதில் எழுதவில்லை. ஜாய்சன் என்ற மாணவன் மட்டும் அந்த மெயிலை அவருடைய பழைய முகவரிக்கு அனுப்பி, "மேடம், உங்க பேர்ல யாரோ ஏமாத்தறாங்க, ஜாக்கிரதை" என்று எழுதியிருந்தான்.

ஆசிரியர்களை விட்டுப் பேசச் சொல்லி மாணவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார். ஸ்ரீராம்புரத்து தர்ஷினி மட்டும் மிச்சம். முதல் வருஷ மாணவி, ஆன்லைனில் விண்ணப்பித்தவள், பிரிஸில்லாவைப் பார்த்ததே இல்லை. பிரிஸில்லா தன் செல்லிலிருந்து பேசியபோது, "வேற வேலை பாருங்க ஆன்ட்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் பிரிஸில்லா ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்கே போனார். கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா சாமிநாதன், பாலிகே என்கிற மாநகராட்சியில் லாரி டிரைவர்.

"காலேஜ்லேர்ந்து வர்றேன் சார். ஸ்காலர்ஷிப் விஷயமா."

தர்ஷினி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "போன்ல பேசினவங்கதானே? வீட்டுக்கே வந்துட்டீங்களா?"

பிரிஸில்லா அடையாள அட்டையை நீட்டினார். சாமிநாதன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நீங்கதான். ஆனா இந்த மாதிரி கார்டு மெயின் ரோட்லயே அடிச்சித் தர்றான்."

"தப்பா நெனைக்காதீங்க" என்றாள் தர்ஷினி. "ஆபீஸ் நம்பருக்குப் பேசித்தான் நம்பணும்னு காலேஜ்ல நோட்டீஸ் போட்டிருக்காங்க."

"ரொம்பச் சரிம்மா, பேசு" என்றார் பிரிஸில்லா. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

தர்ஷினி ரசீதைப் பார்த்து எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரும் எடுக்கல."

"எடுக்க மாட்டாங்கம்மா. எடுக்கறவ நான்தான். இங்க நிக்கறேன்."

சாமிநாதன் கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறுகிறவர். "ஹோகி மேடம், ஹோகி" என்று போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

திரும்பும்போது ஆட்டோவில் பிரிஸில்லா கோபப்படுவதற்கு ஒரு நியாயம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அவர் மேசைத் தொலைபேசி மணி அடித்தது.

"ஹலோ, உதவித்தொகைப் பிரிவு."

"மேடம், நான் தர்ஷினி. அந்த மெயில் நீங்க அனுப்பினதுதானா?"

"நான்தாம்மா. எங்க இருக்கே?"

"கவுன்டர்ல. உங்க எதிர்ல."

பிரிஸில்லா நிமிர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தர்ஷினி செல்லைக் காதில் வைத்தபடி அவர் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாமிநாதன்.

"பாஸ்புக் நகல் கொண்டு வந்திருக்கியா?" என்று பிரிஸில்லா போனிலேயே கேட்டார்.

"கொண்டு வந்திருக்கேன் மேடம்." கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்ட பிறகுதான் அவள் போனை வைத்தாள்.

"நேத்து உங்கள உக்காரவாவது சொல்லியிருக்கணும்" என்றார் சாமிநாதன், தரையைப் பார்த்து.

"எதுக்கு சார்? தெரியாதவங்கள உள்ள விடக் கூடாது."

பட்டியல் அன்றைக்கே போயிற்று. சில வாரம் கழித்து, உதவித்தொகை வரவு வைக்கப்பட்டதாகத் தர்ஷினிக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. அப்பாவும் மகளும் அதைத் திறக்காமல் நேரே வங்கிக்குப் போனார்கள்.